புதுப்பிப்பு: அப்பாவின் அண்ணத் தகடு வந்துவிட்டது
போன மாதம் எழுதியிருந்தேன், பாரிசவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு நாக்கு மேலே எழும்பாமல் கஞ்சிகூட வாயிலேயே தங்கிவிடுகிறது, பல் வைத்தியர் ஒரு தகடு செய்யலாம் என்கிறார் என்று. செய்தாயிற்று. அக்ரிலிக் தகடு, மேல் பற்களில் கம்பிக் கொளுவியால் நிற்கிறது. அண்ணத்தை, அதாவது வாயின் மேற்கூரையை, தடிப்பாக்கிக் கீழே கொண்டுவருவதால், பலம் குறைந்த நாக்கு அதில் அழுத்தி உணவைத் தொண்டைக்குத் தள்ள முடிகிறது. முதல் கிழமை ஓரம் உரசிப் புண், திருகோணமலைப் பக்கம் உப்புவெளியிலிருந்து பல் வைத்தியரிடம் இரண்டு தரம் அலைந்துதான் அதை ராவி எடுத்தோம். இப்போது சொதியில் குழைத்த இடியப்பம் இறங்குகிறது! தண்ணீர் மட்டும் இன்னும் புரைக்கேறுகிறது, அதைத் தடிப்பாக்கித்தான் கொடுக்கிறோம். அப்புறம், தகட்டை இரவில் என்ன செய்வது என்று கேட்டிருந்தவர்களுக்கு: இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு வைக்கிறோம்.