இன்வாய்ஸில் ஒரு சேஸிஸ் நம்பர், யார்டில் நிற்கும் வண்டியில் வேறொன்று: டெலிவரி எடுக்கலாமா?

கோவைப்பக்கம்:
முழுப் பணமும் கட்டியாச்சு (பாதி லோன்). மூணு வாரமா "டிரான்சிட்ல இருக்கு சார்" என்ற ஒரே பதில். இப்போது ஸ்டாக்யார்டில் காட்டும் வண்டி நான் கேட்ட வேரியன்ட்தான், கேட்ட வெள்ளைதான். ஆனால் இன்வாய்ஸில் சேஸிஸ் நம்பர் (வண்டியின் 17 எழுத்து அடையாள எண்) 7-ல் முடிகிறது, வண்டியில் 1. "டைப்பிங் மிஸ்டேக், ஆர்சி வரும்போது சரியாயிடும்" என்கிறார்கள். இன்ஷூரன்ஸ் 7-ல் முடியும் நம்பருக்குப் போட்டாச்சு, ரெஜிஸ்ட்ரேஷன் ஆகவில்லை. ஆவணிக்குள் எடுக்கணும் என்று வீட்டில் அவசரம். என்ன செய்யலாம்?

டிரெயிலர்மணி:
எடுக்காதீங்க. சேஸிஸ் நம்பர் கையால் அடிப்பதில்லை. கம்பெனி டீலருக்குப் பில் போடும்போதே நம்பர் சிஸ்டத்தில் ஏறிவிடும், சேல்ஸ் ஆள் லிஸ்டிலிருந்து தேர்ந்தெடுப்பார். அதனால் இது எழுத்துப்பிழை அல்ல, வண்டி மாறியிருக்கிறது.

எப்படி மாறும் என்றால், டிரெயிலரில் ஏழெட்டு கார் வரும், இரண்டு மூன்று டீலருக்குச் சேர்த்து. கடைசியில் இறங்க வேண்டியது உள்ளே, முதலில் இறங்க வேண்டியது வெளியே என்று ஏற்றணும். ஏற்றும்போது வரிசை தப்பினால், வழியில் இருக்கும் டீலரிடம் டிரைவர் கைக்கு எட்டிய வெள்ளை வண்டியை இறக்கிவிட்டுப் போவார். ராத்திரி பதினொரு மணிக்கு யார்டு ஆள் டார்ச் அடித்து கண்ணாடி ஸ்டிக்கரில் கடைசி நாலு எண்ணைப் பார்த்து எல்.ஆரில் (லாரி ரசீது) கையெழுத்துப் போடுவார். ஒரே பேட்ச் வண்டிகளில் அந்த நாலில் மூணு ஒன்றாக இருக்கும். அங்கேதான் கோட்டை விடுவது. சாவி மாறியிருந்தால் இம்மொபிலைசர் (வேறு சாவிக்கு இன்ஜினை ஸ்டார்ட் ஆக விடாத அமைப்பு) காட்டிக் கொடுத்துவிடும். பேப்பர் மாறினால் காட்டிக் கொடுக்க எதுவும் கிடையாது.

ஸ்டிக்கரை நம்பாதீங்க. பாடியில் குத்திய நம்பரைப் பாருங்க. மாடலைப் பொறுத்து முன் சீட்டுக்கு அடியில் கார்பெட் மடிப்பிலோ, இன்ஜின் ரூமின் பின்சுவரிலோ இருக்கும். பென்சில் தேய்த்து சேஸிஸ் பிரிண்ட் எடுத்து 17 எழுத்தையும் இன்வாய்ஸ், இன்ஷூரன்ஸ், ஃபார்ம் 21 (விற்பனைச் சான்று), ஃபார்ம் 22 (சாலைத் தகுதிச் சான்று) நாலிலும் ஒப்பிடுங்க. இன்ஜின் நம்பரையும் சேர்த்து.

ஆர்டிஓ வாசல்:
மணி சொன்னது சரி. ஆனால் இன்னொன்றைக் கேளுங்கள்: 7-ல் முடியும் வண்டி இப்போது எங்கே?

யார்டிலேயே நின்றால் வேலை சுலபம், அதையே பார்த்து எடுத்துக்கொள்ளலாம், பேப்பர் எதுவும் மாறாது. அது ஏற்கெனவே இன்னொருவருக்கு 1 என்ற பேப்பரோடு போயிருந்தால்தான் சிக்கல். வாஹனில் (அரசின் வண்டிப் பதிவு சிஸ்டம்) 1 ஏற்கெனவே பதிவாகியிருக்கும், இரண்டாவது தடவை ஏற்காது. அதனால்தான் உங்கள் வண்டியை 7 என்றே பதிந்துவிடப் பார்ப்பார்கள். இரண்டு ஆர்சியும் குறுக்கே மாறிக் கிடக்கும். விபத்து கிளெய்முக்கு வரும் சர்வேயர் முதலில் பார்ப்பது சேஸிஸ் நம்பர். விற்கும்போதும் இதே தலைவலி. நம்பர் பிளேட் மாட்டிய பிறகு முன்கண்ணாடியில் ஒட்டும் மூன்றாவது ஸ்டிக்கரிலும் சேஸிஸ், இன்ஜின் நம்பர் அச்சாகி வரும், அதுவும் தப்பாகவே வரும்.

1-ஐயே எடுப்பதாக இருந்தால், அது யார் பேரிலும் பதிவாகவில்லை என்று டீலர் லாகினில் காட்டச் சொல்லுங்கள். பழைய இன்வாய்ஸை ரத்து செய்ய கிரெடிட் நோட், 1-க்குப் புது இன்வாய்ஸ், புது ஃபார்ம் 21, கம்பெனியின் ஃபார்ம் 22, பாலிசியில் எண்டார்ஸ்மென்ட் (திருத்தம்), பேங்குக்குப் புது இன்வாய்ஸ் காப்பி. இதெல்லாம் முடிந்த பிறகுதான் ரெஜிஸ்ட்ரேஷன். பதிவுக்கு முன் என்றால் டீலர் ஆபீஸிலேயே முடிகிற வேலை.

கோவைப்பக்கம்:
நன்றி. அந்த மூணு வார "டிரான்சிட்" உண்மையா? தயாரிப்பு மாதத்தில் ஏமாற வாய்ப்பு உண்டா?

டிரெயிலர்மணி:
மாதக் கடைசியில் கம்பெனி டீலருக்குப் பில் போட்டதுமே சிஸ்டத்தில் "இன் டிரான்சிட்" என்று வந்துவிடும். வண்டி ஃபேக்டரி யார்டை விட்டு நகர்ந்திருக்கவே வேண்டாம். டிரெயிலர் நிறைய அந்த ரூட்டுக்கு வண்டி சேரணும். சின்ன ஊர் டீலருக்கு ஒற்றை வண்டி என்றால் காத்திருப்பு நீளும். பண்டிகை சீசனில் டிரெயிலரே கிடைக்காது.

எல்.ஆர். தேதியையும் இ-வே பில்லையும் (சரக்கு கிளம்பும் முன் ஜி.எஸ்.டி. போர்ட்டலில் போடும் பில்) கேளுங்க. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வேலிடிட்டி. ஹரியானா மானேசரிலிருந்து வந்தால் பன்னிரண்டு பதிமூணு நாள் கணக்கு, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து கோவைக்கு மூணு நாள். நடுவில் டிரெயிலர் பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றியிருந்தால் இ-வே பில்லின் பார்ட்-பி-யில் (லாரி விவரப் பகுதி) புது லாரி நம்பர் ஏறியிருக்கும். இ-வே பில்லே போடவில்லை என்றால் வண்டி கிளம்பவில்லை, அவ்வளவுதான்.

ஆர்டிஓ வாசல்:
தயாரிப்பு மாதம், வருடம் ஃபார்ம் 21-லேயே உண்டு. சேஸிஸ் நம்பரில் 10-வது எழுத்து வருடம் என்பது பல கம்பெனிகளுக்குப் பொருந்தும் (2024-க்கு ஆர், 2025-க்கு எஸ்), மாத எழுத்து கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டயரில் நாலு எண் இருக்கும், 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். டயர் வண்டியைவிட ஓரிரு மாதம் பழசாக இருப்பது சகஜம். வண்டியைவிட டயர் புதுசு என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

யார்டுப்பூனை:
வண்டி மாறி வேறு டீலரிடம் போய்த் திரும்பி வந்திருந்தால் ஓட்டியே கொண்டுவந்திருப்பார்கள். ஓடோமீட்டரைப் பாருங்க, 100-க்கு மேல் காட்டினால் காரணம் எழுத்தில் வாங்குங்க. கீழே கட்டுக்கம்பி உரசிய தடம், பம்பர் அடிப்பக்கம், கூரை ஓரம் மூணும் பகல் வெளிச்சத்தில் பார்க்கணும். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்க, சேறு படிந்த கோடு இருந்தால் தண்ணீரில் நின்ற வண்டி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பக்கம் யார்டுகளிலேயே நிறைய வண்டி மூழ்கியது. லாரிப் பயணத்துக்காக டயரில் கூடுதலாக ஏற்றிய காற்றைக் குறைத்தார்களா என்றும் கேளுங்க, அதிகக் காற்றோடு அப்படியே கொடுத்துவிடுவது உண்டு.

கோவைப்பக்கம்:
7 வேறு ஊருக்குப் போய்விட்டதாம், இன்னும் பதியவில்லையாம். லோன் வட்டி ஓடுகிறதே?

ஆர்டிஓ வாசல்:
பதியவில்லை என்றால் நல்லது, இரண்டு டீலரும் பேசி வண்டியை மாற்றிக்கொள்ள முடியும். பேங்க் பணத்தை விடுவித்த நாளிலிருந்து வட்டி ஓடும். தவறு டீலருடையது என்பதால் அந்த நாட்களின் வட்டியை அவரிடம் மெயிலில் கேளுங்கள், போனில் கேட்டால் பிடி கிடைக்காது. மெயிலில் இரண்டு சேஸிஸ் நம்பரையும் முழுசாக எழுதி, பிரிண்ட் போட்டோவை இணைத்து, கம்பெனி கஸ்டமர் கேருக்கும் ஒரு காப்பி போடுங்கள். டெலிவரி நோட்டில் மட்டும் அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள்.