6 இன்ச் டீசல் லைனில் ஊசித்துளைக் கசிவு: கிளாம்ப் போட்டு ஓட்டலாமா?

டேங்க்ஃபார்ம்_ஷிஃப்ட்:
ஸ்டோரேஜ் டேங்கில் இருந்து டே டேங்குக்கு (அன்றாடத் தேவைக்கான சின்ன டேங்க்) போகும் 6 இன்ச் ஷெட்யூல் 40 (பைப் கனத்தின் தரம்) கார்பன் ஸ்டீல் லைன். பம்ப் ஓடும்போது 8 பார், டிசைன் 10 பார். ஒரு சப்போர்ட்டில் உட்காரும் இடத்தில், பைப்பின் அடிவயிற்றில் சொட்டுது. பம்ப் போட்டால் புகை மாதிரி அடிக்குது. இரண்டு வால்வுக்கும் நடுவே 120 மீட்டர். பராமரிப்புக்காக எல்லாத்தையும் நிறுத்தும் ஷட்டவுனுக்கு 3 வாரம் இருக்கு. வெல்டர் "சின்ன பேட்ச் வச்சுத் தட்டிடலாம்"ங்கிறார். என்ன செய்யலாம்?

ஸ்பூல்பீஸ்:
முதலில் பம்பை நிறுத்துங்க சார். அந்தப் "புகை"தான் ஆபத்து. டீசல் சாதாரணமா பற்றாது என்பது தேங்கி நிற்கும் டீசலுக்குத்தான். நுண்துளியாகத் தெறித்தால் ஃப்ளாஷ் பாயிண்டுக்கு (ஆவி தீப்பற்றும் அளவுக்குச் சேரும் வெப்பநிலை) கீழேயே பற்றும். கேஸ் மீட்டர் 0 காட்டுதேன்னு நம்பாதீங்க, டீசல் மாதிரி கனமான ஆவியை அது குறைச்சுத்தான் காட்டும். துளை எங்கேன்னு கையால் தடவவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் ஏறிடும்.

பம்ப் நின்றதும் ஸ்டோரேஜ் டேங்க் பக்க வால்வை மூடி, மீதியை டே டேங்குக்கு வடிய விடுங்க. இந்த சைஸில் மீட்டருக்கு 18.6 லிட்டர் நிற்கும். 120 மீட்டருக்கு 2,200 லிட்டருக்கு மேல். அதற்கேற்ற பேரல், சம்ப் தயாரா இருக்கணும். மழைநீர் வடிகாலின் வெளிவால்வை உடனே மூடுங்க. தரையில் சிந்தினதை மணல் போட்டு எடுங்க, தண்ணி அடிச்சுக் கழுவிவிடாதீங்க.

பேட்ச் வேண்டாம். துளை விழுந்த இடத்தைச் சுற்றி இரும்பு தகடா தேய்ஞ்சிருக்கும், ஆர்க் பட்டாலே ஓட்டை பெரிசாகும். உள்ளே டீசல் ஆவி வேற.

கனம்_பார்ப்பவர்:
துளை சின்னதுன்னு கணக்குப் போடாதீங்க. சப்போர்ட்டில் பெயின்ட் உரசிப் போய், தண்ணி தங்கி, வெளியில் இருந்து அரிச்ச இடம் இது. அரிப்பு துளையோடு நிற்காது, சப்போர்ட் நீளத்துக்கு ஓடியிருக்கும். புது பைப்பின் கனம் 7.11 மி.மீ. 10 பாரைத் தாங்க மட்டும் 0.6 மி.மீ. சொச்சம் போதும். அதனால்தான் தகடான பிறகும் வெடிக்காம சொட்டிக்கிட்டே இருக்கு. ஆனா பைப்பின் எடை, அதிர்வு, யாராவது மேலே ஏறி மிதிக்கிறது எல்லாம் அந்தத் தகட்டின் மேல்தான் விழுது.

அல்ட்ராசோனிக் கனமானியில் துளையைச் சுற்றி 25 மி.மீ. கட்டம் போட்டு எடுங்க. கிளாம்ப்னா பைப்பைச் சுற்றி ரப்பரோடு போல்ட் போட்டு இறுக்கும் கவ்வி; அதன் ரப்பர் உட்காரும் இரண்டு ஓரத்திலும் நல்ல கனம் இருந்தால்தான் கிளாம்ப். கனம் இல்லைன்னா 3 வாரக் கணக்கே கிடையாது, அந்தத் துண்டை மாத்தணும்.

ஸ்பூல்பீஸ்:
கிளாம்ப் போடறதாக இருந்தால்: பைப்பை ஜாக்கி வச்சுத் தூக்கும் முன்னாடி துளையின் இரு பக்கமும் தற்காலிக சப்போர்ட் கொடுங்க. தூக்கும்போதுதான் பாதிப் பேருக்குத் துளை வாய் பிளக்கும். துருவைக் கையால் சுரண்டுங்க, கிரைண்டர் கிட்டே வரக்கூடாது. மரக்குச்சி அடிச்சு அடைக்காதீங்க. வென்ட் (அழுத்தத்தை வெளியே விடும் சின்ன வழி) இருக்கிற கிளாம்பை நல்ல இடத்தில் மாட்டி, வென்ட்டைத் திறந்து வச்சு, துளை மேலே நகர்த்தி, போல்ட்டை எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும். அதிகம் முறுக்கினால் தேய்ஞ்ச பைப் நசுங்கும்.

போட்ட பிறகு இரண்டு வால்வையும் மூடி வெயிலில் விட்டுடாதீங்க. அடைபட்ட டீசல் ஒரு டிகிரி சூடானாலே அழுத்தம் பல பார் ஏறும்.

கன்ட்ரோல்_ரூம்:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. இது கிழிஞ்சால் ஷிஃப்ட்டில் எப்படித் தெரியும்? பம்பின் டிஸ்சார்ஜ் (வெளியேறும் பக்க) அழுத்தம் விழுந்து, டே டேங்க் லெவல் ஏறலைன்னா, பம்பை மறுபடி போட்டுப் பார்க்காதீங்க. 2010 ஜூலையில் மிச்சிகனின் மார்ஷலில் 30 இன்ச் கச்சா எண்ணெய் லைன் கிழிஞ்சப்போ, லைனுக்குள் வெற்றிடம் விழுந்திருக்குன்னு நினைச்சு இரண்டு தடவை ஓட்டினாங்க. கசிவுன்னு புரிய 17 மணி நேரம் ஆச்சு. வெளியேறின எண்ணெயில் பெரும்பகுதி மறுபடி ஓட்டினதால் போனதுதான்.

வரிசை: முதலில் பம்ப், அப்புறம் வால்வு. ஓடும்போது வால்வைப் படாருன்னு மூடினால் அதிர்ச்சி அழுத்தத்தில் கிழிசல் நீளும்.

டேங்க்ஃபார்ம்_ஷிஃப்ட்:
பம்ப் நிறுத்தியாச்சு, வடிச்சுக்கிட்டு இருக்கோம். துளை ஓரம் 1.9, ஒரு சாண் தள்ளி 6.4 மி.மீ. காட்டுது. ஸ்டோரில் இருக்கிற கிளாம்பின் ரப்பரில் ஈ.பி.டி.எம்.னு எழுதியிருக்கு. போடலாமா?

ஸ்பூல்பீஸ்:
வேண்டாம். ஈ.பி.டி.எம். தண்ணிக்கும் நீராவிக்கும். டீசலில் ஊறி உப்பி, சில நாளில் பிதுங்கி வெளியே வந்துடும். நைட்ரைல் அல்லது வைட்டான் ரப்பர் வாங்குங்க. 6.4 காட்டின இடம் வரை ரப்பர் எட்டற நீளத்தில் கிளாம்ப் வேணும், குட்டைக் கிளாம்ப் உதவாது. ஷட்டவுனில் அந்தத் துண்டை வெட்டிப் புது ஸ்பூல் (தயார் பைப் துண்டு) போட்டு 15 பாரில் தண்ணீர் சோதனை பண்ணுங்க. அதுவரை ஷிஃப்டுக்கு ஒரு தடவை ஆள் போய்ப் பார்க்கணும். இந்த லைனின் மத்த சப்போர்ட்டையும் தூக்கி அடியைப் பாருங்க, எல்லாம் ஒரே நாளில் பெயின்ட் அடிச்சதுதானே.