காரணம் சொல்லாமல் வேலையைவிட்டு நீக்கலாம் என்னும் அமெரிக்க நியமனக் கடிதம்: குடும்பத்துடன் போகலாமா?

செங்காங் தந்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மனைவி மென்பொருள் பொறியாளர். டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் உள்ள ஒரு நிறுவனம் அவருக்கு வேலை தர முன்வந்துள்ளது. சம்பளம் இங்கு பெறுவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால், எந்த நேரத்திலும், காரணம் சொல்லியோ சொல்லாமலோ, முன்னறிவிப்பின்றி நிறுவனம் வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. சிங்கப்பூரர்களுக்கான எச்-1பி1 விசாவில் செல்பவரின் துணைவருக்கு அங்கு வேலை செய்ய அனுமதி இல்லை என்பதால், கணக்காளரான நான் என் வேலையை விட்டுவிட்டுத்தான் உடன் செல்ல வேண்டும். எங்கள் நான்கு வயது மகனுக்கு ஆஸ்துமா உண்டு. ஒரு குடும்பத்தின் பிழைப்பு முழுவதையும் இப்படியொரு வாக்கியத்தை நம்பி ஒப்படைக்கலாமா? அங்கு வேலை பார்த்தவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?

மழைச்சாரல் எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். நீங்கள் படித்த வாக்கியம் அந்த நிறுவனம் மட்டும் எழுதியதன்று. அந்நாட்டின் பொது விதியே அதுதான். மாண்டானா மாநிலம் மட்டும் 1987இல் தனிச் சட்டம் இயற்றி, தகுந்த காரணமின்றி நீக்குவதைத் தடுத்தது. மற்ற மாநிலங்களில் இனம், மதம், பாலினம் போன்றவற்றை முன்னிட்டு நீக்கினால் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்கலாம். முறைகேட்டைப் புகார் செய்ததற்காக நீக்கினாலும் பெரும்பாலும் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவற்றைத் தாண்டி, காரணம் கேட்கும் உரிமை ஏறக்குறைய இல்லை.

எனக்கும் அது நேர்ந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் கணினி என்னை உள்ளே விடவில்லை. பத்து நிமிடக் காணொளிச் சந்திப்பில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆயினும் நான் அஞ்சியது வேலை போனதற்காக அன்று, மருத்துவக் காப்புறுதி போனதற்காக. என் கணவருக்கு மறுமாதம் அறுவை சிகிச்சை நாள் குறித்திருந்தார்கள். அமெரிக்காவில் பெரும்பாலோரின் காப்புறுதி வேலையோடு பிணைந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், அரசாங்கம் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, ஆட்களை ஈர்க்க நிறுவனங்கள் காப்புறுதியைச் சலுகையாகக் கொடுக்கத் தொடங்கின. பின்னர் வரிவிலக்கும் சேர்ந்து அந்த ஏற்பாடு நிலைத்துவிட்டது. போர்க்கால அவசரத்தில் வேரூன்றிய ஒன்று இன்றைக்கும் ஒரு தாய் தன் மேலாளரிடம் வாய் திறப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது மிகப் பெரிய அநீதி என்றே நான் கருதுகிறேன்.

வேலை போனபின் அதே காப்புறுதியை 18 மாதங்கள் வரை தொடர, கோப்ரா என்னும் சட்டம் வழி செய்கிறது. ஆனால் நிறுவனம் கட்டிய பங்கையும் நாமே கட்டவேண்டும். எங்களுக்கு அது மாதம் 2,100 டாலருக்கு மேல் வந்தது. சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினோம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியவள் ஆகமாட்டேன். ஏழு வாரங்களில் போட்டி நிறுவனமொன்றில் எனக்கு வேலை கிடைத்தது. போட்டியாளரிடம் சேரக்கூடாது என்ற ஒப்பந்தங்கள் கலிஃபோர்னியாவில் 1872 முதலே செல்லாது. எளிதாக நீக்க முடிகிற இடத்தில் எளிதாகச் சேர்த்துக்கொள்ளவும் தயங்குவதில்லை. ஆனால் டெக்சஸ் கலிஃபோர்னியா அன்று. இத்தகைய ஒப்பந்தங்களை நாடு முழுவதும் தடைசெய்ய மத்திய வர்த்தக ஆணையம் 2024 ஏப்ரலில் கொண்டுவந்த விதியை, அதே ஆண்டு ஆகஸ்டில் டெக்சஸில் உள்ள மத்திய நீதிமன்றம்தான் ரத்து செய்தது. கடிதத்தின் மற்ற பக்கங்களையும் படித்துப் பாருங்கள்.

புக்கிட் பாஞ்சாங் பெரியவர் எழுதியது:

தம்பி, தொழிற்சங்கத்தில் நீண்டகாலம் இருந்தவன் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். நம் சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்திலும், ஒப்பந்தப்படி முன்னறிவிப்புக் கொடுத்தால் காரணம் சொல்லாமலே ஒருவரை நீக்க இடமுண்டு. ஆட்குறைப்பு இழப்பீட்டையும் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அங்கே கொடுமை, இங்கே முழுப் பாதுகாப்பு என்று எண்ணிக்கொண்டு முடிவெடுக்காதீர்கள். இங்கு வேலை போனாலும் அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் தொடர்கிறது, வீடும் ஊரும் உறவும் இருக்கின்றன. அங்கு உங்கள் மனைவிக்கு வேலை போனால், வேறு வேலை தேடவோ புறப்படவோ அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான் கிடைக்கும். சம்பளத்தோடு கூடிய விடுப்பையும் மத்தியச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கவில்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் தரும் 12 வாரக் குடும்ப, மருத்துவ விடுப்பு சம்பளமில்லாதது. அதுவும் ஓராண்டு வேலை பார்த்த பின்னர்தான். பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் உடனிருந்து பார்த்துக்கொள்ளப்போவது யார் என்பதை இப்போதே இருவரும் பேசிவிடுங்கள்.

செங்காங் தந்தை எழுதியது:

ஐயாவுக்கும் சகோதரிக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு கடிதம் முழுவதையும் படித்தோம். நீங்கள் எச்சரித்தபடியே, விலகியபின் ஓராண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனை ஏழாம் பக்கத்தில் இருந்தது. 60 நாளுக்குள் வேறு வேலை தேடவேண்டிய ஒருவரை ஓராண்டு கட்டிப்போடுவது எங்களுக்கு ஏற்புடையதன்று. அதை நீக்கவும், ஆட்குறைப்பு நேர்ந்தால் நான்கு மாதச் சம்பளம் தருவதாக எழுதித் தரவும் கேட்க முடிவு செய்துள்ளோம். என் வேலையைப் பொறுத்தவரை, ஓராண்டு சம்பளமில்லா விடுப்புக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். மகனுடைய ஆஸ்துமாவைக் காரணம் காட்டிக் காப்புறுதி மறுப்பார்களா என்பதே இப்போது எங்களுக்குள்ள ஒரே ஐயம்.

மழைச்சாரல் எழுதியது:

மறுக்க முடியாது. 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்புறுதிச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு காப்புறுதி தொடங்க 90 நாள் வரை காத்திருக்க வைக்கச் சட்டம் இடம் தருகிறது. தொடங்கும் தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மகனுடைய உள்ளிழுப்பு மருந்தை மருத்துவரின் சீட்டோடு மூன்று மாதத்துக்குப் போதுமான அளவு கையில் கொண்டுபோங்கள்.