சில்வர் ஓக் சருகு மக்க அன்னபேதி போடலாமா?

ஏற்காட்டு மிளகு:
காப்பித் தோட்டத்துல சில்வர் ஓக் சருகு குவிஞ்சு கெடக்குதுங்க, காப்பிப் பழத்தோல் சீக்கிரம் மக்கிடுது, இது மட்டும் அப்படியே நிக்குது. இலையையும் மரத்தையும் கெட்டியாக்குற லிக்னினை உடைக்கிற என்சைம்ல இரும்பு இருக்காமே, அப்போ அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், கரைச்சு ஊத்துனா வேகமா மக்குமா? சேலத்துல ஒரு கடைல ஊத்தச் சொல்றாங்க.

குகை கெமிஸ்ட்ரி:
வேண்டாம்ணே. நீங்க சொல்ற என்சைமை லிக்னின் பெராக்சிடேஸ்னு 1983ல வெள்ளை அழுகல் பூஞ்சைல கண்டுபிடிச்சாங்க, லிக்னினை உடைச்சு மரத்தை வெள்ளையா விடற பூஞ்சை அது. அதுக்குள்ள ஹீம்னு ஒரு வளையம், நம்ம ரத்தத்துல இருக்கிற அதே ஹீம், நடுவுல ஒரே ஒரு இரும்பு அணு. பூஞ்சை தானே ஹைட்ரஜன் பெராக்சைடு தயாரிக்குது, அது பட்டதும் அந்த இரும்பு ஆக்சிஜனைப் பிடிச்சுக்கிட்டு எலக்ட்ரானுக்குப் பசியா நிக்கும், லிக்னின்லருந்து ஒண்ணை உருவிடும், அப்புறம் லிக்னின் தானா உடையும். புரோட்டீனுக்குள்ள இருக்கிற இரும்பு செய்ற வேலை இது, மூட்டைல வர்ற இரும்புக்கு வராது.

கஞ்சமலையான்:
மூட்டை இரும்புக்கு வராதுன்னு எப்படிங்க அடிச்சு சொல்றீங்க? பழுப்பு அழுகல் பூஞ்சைக்கு இந்த பெராக்சிடேஸே கெடையாது, தனி இரும்பையும் பெராக்சைடையும் சேரவிட்டு ஹைட்ராக்சில் ரேடிக்கல்னு எதையும் தாக்குற ஒண்ணை உண்டாக்கித்தான் மரத்தை அரிக்குது. 1894ல ஃபென்டன் எழுதுன ரியாக்ஷன்தான். சாயத்தண்ணிய சுத்தம் பண்ணவும் அன்னபேதியும் பெராக்சைடும் போடறாங்களே.

குகை கெமிஸ்ட்ரி:
அங்க தண்ணிய பிஎச் 3 கிட்ட, அதாவது நல்ல புளிப்புக்கு, கொண்டுவந்து, பெராக்சைடையும் வெளியிலருந்து ஊத்தறாங்க. சருகுல ஊத்துனா காத்து பட்டு துருவாத்தான் போகும். இன்னொண்ணு, பழுப்பு அழுகல் தின்னுறது செல்லுலோஸை, லிக்னினை லேசா மாத்திட்டு பழுப்பா விட்டுட்டுப் போயிடும். அண்ணனுக்கு உடையவேண்டியதே லிக்னின்தான்.

கஞ்சமலையான்:
காப்பித்தோல் கலந்தா புளிப்பு வந்துடும், பெராக்சைடை பூஞ்சையே விடுதுன்னு நீங்கதான் சொன்னீங்க, அப்புறம் என்ன குறை?

குகை கெமிஸ்ட்ரி:
அது விடறது துளியூண்டு, அதுவும் என்சைமுக்குன்னு விடுது. வெளி இரும்பு அதைப் பறிச்சா வர்ற ரேடிக்கலுக்கு லிக்னின், பூஞ்சைங்கற வித்தியாசமே தெரியாது, பக்கத்துல எது இருந்தாலும் தாக்கும்.

சேர்வராயன் மண்:
ரெண்டு பேரும் பூஞ்சையிலயே நிக்கறீங்க. லிக்னின் உடைஞ்சு வர்ற சின்ன வளையங்களை, கேட்டகால் மாதிரி, சூடோமோனாஸ் பாக்டீரியா உடைக்குது, அதுக்கு உதவுற டைஆக்சிஜனேஸ்ங்கற என்சைம்லயும் இரும்புதான், ஆனா ஹீம் கெடையாது, அமினோ அமிலங்களே நேரா பிடிச்சிருக்கு. வளையத்துக்குள்ள போற ரெண்டு ஆக்சிஜன் அணுவும் காத்துலருந்து வருதுன்னு ஜப்பான் விஞ்ஞானி ஹயாய்ஷி அமெரிக்காவுல இருந்தப்போ 1955ல காட்டினார். அதனால இரும்பைத் தேடாம குவியலைக் கிளறுங்க, காத்து போகட்டும். யூரியா அள்ளிப் போடாதீங்க, ஆராய்ச்சிக்கு அதிகம் எடுத்த வெள்ளை அழுகல் பூஞ்சை நைட்ரஜன் குறைஞ்சாதான் லிக்னின் பெராக்சிடேஸையே சுரக்குது. இரும்பு வேணும்னா நம்ம மலைச் செம்மண்ல இல்லாததா, பூஞ்சை சிடெரோஃபோர்னு இரும்பைப் பிடிக்கிற பொருளை விட்டு அதுவே இழுத்துக்கும்.

ஏற்காட்டு மிளகு:
பழைய நிழல்மரம் ஒண்ணு விழுந்து வெள்ளையா நார்நாரா கெடக்குது, அதை உடைச்சுக் கலக்கவா?

சேர்வராயன் மண்:
அதேதாங்க வேணும், வெள்ளையா நார்நாரா இருந்தா வெள்ளை அழுகல் பூஞ்சை வேலைதான். நல்லா நனைச்சுட்டு சருகு அடுக்குக்கு நடுவுல வைங்க.

கஞ்சமலையான்:
வைங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒரு ஓரத்துல தனியா சின்ன குவியல் போட்டு அன்னபேதியும் ஊத்திப் பாருங்க, பார்க்காம நான் விடறதா இல்ல.

குகை கெமிஸ்ட்ரி:
ஊத்தறதுன்னா காப்பிச்செடி வேர்லருந்து நல்லா தள்ளி ஊத்துங்கண்ணே.