ஆமி ட்ரெயினிங்கில் ஸ்டமினா யாருக்குக் கூடும்? ஆணுக்கா, பெண்ணுக்கா?

கல்லடி ஓட்டக்காரன்:
தம்பியும் மாமாவின் மகளும் படையில் சேர விண்ணப்பித்திருக்கிறார்கள், பின்னேரத்தில் மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் ஒன்றாக ஓடுகிறார்கள். தம்பி உதைபந்தாட்டக்காரன், மூச்சு வாங்காது. மச்சாள் ஓடத் தொடங்கியதே இப்போதுதான். பயிற்சியில் எல்லாருக்கும் ஒரே ஓட்டம், ஒரே அணிநடை என்றால் யாருக்குப் பலன் கூட?

வாவிக்கரை:
மச்சாளுக்குத்தான். அடிப்படைப் பயிற்சி பல நாடுகளில் இரண்டு மூன்று மாதம், அமெரிக்க இராணுவத்தில் 10 வாரம். அதில் விஓ2 மேக்ஸ், அதாவது உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஒக்சிசன், கீழ் மட்டத்தில் தொடங்குகிறவர்களுக்கு நன்றாக ஏறும். ஏற்கெனவே நல்ல உடம்போடு போகிறவனுக்கு ஏறாமலே நிற்கலாம், இறங்கவும் செய்யலாம், ஏனென்றால் அங்கே முழுநாளும் நடையும் நிற்பதும் சுமப்பதும்தான், அவன் அளவுக்குக் கடுமையான ஓட்டம் குறைவு, நித்திரையும் குறைவு. பெண்களுக்குச் சராசரியில் இதயம் சிறிது, இரத்தத்தில் ஒக்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் குறைவு, அதனால் தொடக்க அளவு கீழே. ஆனால் சதவீதமாகப் பார்த்தால் முன்னேற்றம் ஆண்களைவிடக் குறையாது. இடைவெளி முழுதாக மூடாது, அது வேறு கதை.

அக்கரைப்பற்று அக்கா:
வாவிக்கரைத் தம்பி, பலனை மட்டும் சொன்னால் போதுமா? 20 கிலோ பையை 70 கிலோ பொடியன் தூக்கினால் அவன் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, 50 கிலோ பிள்ளைக்கு அதே பை 40 சதவீதம். அணியோடு சேர்ந்து நடக்க எட்டி எட்டிக் கால் வைக்க வேண்டும். பயிற்சியில் முழங்காலுக்குக் கீழும் இடுப்பிலும் எலும்பில் நுண்வெடிப்பு பெண்களுக்குக் கூடுதலாக வருவது இதனாலும்தான். அடுத்தது இரும்புச்சத்து. ஹீமோகுளோபின் டெசிலீட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ் என்றால் எவ்வளவு ஓடினாலும் மூச்சு இளைக்கும். மச்சாளை முதலில் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள், குளிசையைத் தானாக வாங்கிப் போட வேண்டாம். சோற்றோடு தேத்தண்ணி குடிக்கிற பழக்கத்தையும் விடட்டும், இரும்பு உறிஞ்சுவதை அது தடுக்கும்.

கல்லடி ஓட்டக்காரன்:
நன்றி அக்கா, தேத்தண்ணிக் கதையை வீட்டில் சொன்னால் சண்டைதான். அப்போ இருவரையும் ஒன்றாக ஓட விடுவதா?

வாவிக்கரை:
வேண்டாம். 1968இல் கென்னத் கூப்பர் அமெரிக்க விமானப்படைக்காக வைத்த 12 நிமிட ஓட்டத்தை வெபர் மைதானத்தில் ஓட விட்டு, யார் எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவரவர் வேகம். தம்பிக்குக் கடுமையான இடைவெளி ஓட்டம், அதாவது வேகமாக ஓடி, சற்று ஆறி, திரும்ப ஓடுவது. மச்சாளுக்கு ஆறுதலாக, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். பொதிமணலில் வேண்டாம், கெண்டைக்கால் பிடிக்கும், அலை நனைத்த இறுகிய மணல் நல்லது.

அக்கரைப்பற்று அக்கா:
அந்த மணல் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும், ஒரே பக்கமாக ஓடினால் ஒரு காலுக்குத்தான் அடி. போன வழியாலேயே திரும்பி ஓடச் சொல்லுங்கள்.