கிறிஸ்டியன்ஸ்போர்க் டேபஸ்ட்ரிகள்: முடிக்க ஏன் பத்து ஆண்டு?

கேள்வி:
கோபன்ஹேகன் கிறிஸ்டியன்ஸ்போர்க் அரண்மனைப் பெருங்கூடத்தில் 17 டேபஸ்ட்ரிகள் (படம் நெய்த சுவர்த் துணிகள்) இருக்கின்றன. டென்மார்க்கின் ஆயிரம் ஆண்டு வரலாற்றைச் சொல்பவை பெரிய 11. அப்போதைய அரசி மார்கரேத்தாவின் 50-ஆவது பிறந்தநாளுக்கு 1990-இல் டேனிஷ் தொழில்துறையினர் தந்த பரிசு இது, ஆனால் வந்து சேர்ந்தது 2000-இல். டேனிஷ் ஓவியர் பியோர்ன் நோர்கோர் வரைந்தார். பாரிஸ் கோப்லான் நெசவுக்கூடத்தில் நெய்தார்கள். ஏன் இவ்வளவு தாமதம்? நெசவாளர் துணியின் பின்பக்கம் உட்காருவாராமே, முன்பக்கம் எப்படித் தெரியும்?

பதில் 1:
கோப்லானில் தறி செங்குத்தானது. நோர்கோர் முழு அளவில் தீட்டிய மூல ஓவியம் நெசவாளரின் முதுகுக்குப் பின்னால் தொங்கும். அதன் கோடுகளைப் பாவு நூல் (தறியில் இழுத்துக் கட்டிய நீள நூல்) மேல் மையால் குறித்துக்கொள்வார்கள். முன்பக்கத்தைக் காட்ட தறிக்கு அப்பால் முகம் பார்க்கும் கண்ணாடி.

ஊடை (பாவுக்குக் குறுக்கே ஓடும் நூல்) துணியின் முழு அகலத்துக்கும் ஓடாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி நூற்குச்சி. அந்த நிறம் முடியும் இடத்தில் ஊடை திரும்பிவிடும். குச்சியின் கூர்முனையால் ஊடையை அழுத்தி, பாவு வெளியே தெரியாமல் மூட வேண்டும். இப்படி ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர்தான் நெய்ய முடியும். ஆள் சேர்த்தாலும் தறியின் அகலம் கொள்ளும் அளவுதான்.

பதில் 2:
பலர் கவனிக்காத ஒன்று: படம் பெரும்பாலும் பக்கவாட்டில் படுத்த நிலையில் நெய்யப்படுகிறது. சுவரில் மாட்டும்போது பாவு கிடைமட்டமாகிறது. இரண்டு நிறங்கள் பாவுக்கு இணையாகச் சந்திக்கும் இடத்தில் பிளவு விழும். தொங்கும்போது அதுவும் கிடைமட்டம். முழு எடையும் அந்தப் பிளவை வாய் பிளக்க இழுக்கும். அதனால் ஒவ்வொன்றையும் கையால் தைத்து மூட வேண்டும். பழைய டேபஸ்ட்ரிகளில் முதலில் இற்றுப்போவது பெரும்பாலும் இந்தத் தையல்தான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இவ்வளவு பளிச்சென்ற நிறங்கள், மங்காதா?

பதில் 3:
மங்கும். எந்தச் சாயமும் ஒளியில் தப்பாது, பாதிப்பு கூடிக்கொண்டே போகும், திரும்பாது. அருங்காட்சியகங்கள் துணிக்கு 50 லக்ஸ் (ஒளி அளவின் அலகு) ஒளியைத்தான் வரம்பாக வைக்கின்றன. எவ்வளவு மங்கியது என்று பார்க்கப் பின்பக்கம் போதும்; ஒளி படாத நூலில் பழைய நிறம் இருக்கும்.

நேரில் போகிறவர்கள் அரசியும் கணவரும் ஆதாம் ஏவாள் போல (உடையோடுதான்) நிற்கும் படத்தைத் தவறவிடாதீர்கள். டென்மார்க்கின் கோயே நகரில் உள்ள கோஸ் அருங்காட்சியகத்தில் நோர்கோரின் மூல ஓவியங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒப்பிட்டால், தூரிகையின் ஒரே வீச்சை நூலில் கொண்டுவர எத்தனை நிறங்கள் தேவைப்பட்டன என்பது கண்ணுக்கே தெரியும்.