புதுப்பிப்பு: ‘மாண்டரின் பேசுபவர்கள் மட்டும்’ என்று தங்கைக்கு வேலை மறுத்த விவகாரம்

சிங்கப்பூரில் கணக்கர் வேலைக்கான நேர்காணலுக்குப் போன என் தங்கையை, மாண்டரின் (சீன மொழி) ஏன் தேவை என்றுகூடச் சொல்லாமல் திருப்பி அனுப்பியதைப் போன மாதம் இங்கே எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

வேலையிடப் பாகுபாடு பற்றிய புகார்களைக் கவனிக்கும் டஃபெப் (TAFEP) அமைப்பிடம் புகார் கொடுக்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான் பலித்தது. விளம்பரத்தைப் படம் பிடித்து, நேர்காணலில் சொன்னதைத் தேதியோடு எழுதி அனுப்பினோம். ஒரு மொழி வேண்டுமென்றால் அந்த வேலைக்கு அது ஏன் தேவை என்று முதலாளி காரணம் காட்ட வேண்டும் என்பது அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி, மீறினால் மனிதவள அமைச்சு அந்த நிறுவனம் வெளிநாட்டவரை வேலைக்கு எடுப்பதற்கான வேலை அனுமதிச் சலுகைகளை நிறுத்தி வைக்கலாம். மூன்று வாரத்தில் விளம்பரத்திலிருந்து அந்த வரி போய்விட்டது. தங்கைக்கு வேலை கிடைக்கவில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று. இனப் பாகுபாடு கூடாது என்கிற அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு கைகொடுக்கும் என்று நம்பியிருந்தேன், ஆனால் அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது, தனியார் முதலாளியை அல்ல. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தில் இனம், சமயம், மொழித்திறன் எல்லாம் உண்டு, ஆனால் 25 ஊழியர்களுக்குக் குறைவான நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு. இருந்தாலும் அவற்றுக்கும் முத்தரப்பு வழிகாட்டி பொருந்தும், அதனால் சின்ன கம்பெனி என்று டஃபெப்பிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.